கோவைக்கு ஆராய்ச்சி வளாகம்: மூன்று வழிகளும் ஓர் அரை நாள் கணக்கும்

கணபதியில் ஒரு சின்னப் பம்ப் பட்டறை. எட்டுப் பேர் வேலை செய்கிறார்கள். உரிமையாளருக்கு வயது அறுபதை நெருங்குகிறது. நான் அவரை அண்ணா என்பேன், அவர் என்னைத் தம்பி என்பார். கோவை வட்டாரத்துக்கு அரசு ஓர் ஆராய்ச்சி வளாகம் அமைத்தால் எங்கே அமைக்கலாம் என்று ஒரு நாள் டீ குடித்தபடி பேசிக்கொண்டிருந்தோம். சூலூர்ப் பக்கமா, அன்னூர்ப் பக்கமா, அவிநாசி ரோட்டிலேயேவா என்று நான் அடுக்கிக்கொண்டே போனேன். அவர் கேட்டார்: "எங்க வேணா வரட்டுங்க தம்பி. காலையில ஆளுங்களுக்கு வேலை பிரிச்சுக் கொடுத்துட்டு நான் வண்டியெடுத்தா, மத்தியானச் சாப்பாட்டுக்குள்ள திரும்பிரணும். அதுக்குள்ள அங்க யாருகிட்டயாவது பேச முடியுங்களா?"

இருபது வருடமாக இந்த ஊர்ப் பவுண்டரிகளுக்கும் பம்ப் பட்டறைகளுக்கும் டிசைன் போட்டுக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. திட்ட அறிக்கைகள் சிலவற்றையும் படித்திருக்கிறேன். எத்தனை ஏக்கர், எத்தனை லட்சம் சதுர அடி, எத்தனை பேருக்கு வேலை என்று அவற்றில் இருக்கும். இந்த அண்ணன் கேட்ட இரண்டு விஷயங்கள், அதாவது அரை நாளில் போய்த் திரும்ப முடியுமா, போனால் பேச ஆள் இருக்குமா என்பவை, நான் பார்த்த எதிலும் இல்லை. எனவே இந்த ஒப்பீட்டில் அவற்றையே முதல் அளவுகோலாக வைக்கிறேன்.

ஓர் அரசு நிறுவனம் இப்படியொரு முடிவை எடுக்க உட்கார்ந்தால் அதன் முன் மூன்று வழிகள் இருக்கும். ஒன்று, ஊருக்கு வெளியே சில நூறு ஏக்கர் எடுத்து, சாலை போட்டு, பெரிய நிறுவனங்களையும் மத்திய ஆய்வகங்களையும் கூப்பிட்டுக் குடியேற்றுவது. இரண்டு, ஒரு கல்வி நிறுவனத்தின் வாசலில் கட்டடம் எழுப்பி, கம்பெனிகளின் ஆய்வுப் பிரிவுகளை அதற்குள் கொண்டுவருவது. மூன்று, புது வளாகம் கட்டாமல், ஏற்கெனவே ஊரில் சிதறிக் கிடக்கும் ஆய்வகங்களையும் சோதனை மையங்களையும் ஒரு நிர்வாகத்தில் கோத்து, ஆளும் பணமும் கொடுத்துச் சிறு தொழில்களுக்குத் திறந்துவிடுவது.

என் முடிவை இப்போதே சொல்லிவிடுகிறேன். மூன்றாவது வழியை முதலில் செய்ய வேண்டும். இரண்டாவதைச் சிறிய அளவில் அதோடு சேர்க்கலாம். முதலாவது காத்திருக்கட்டும்.

நிலம் எடுத்துக் கட்டும் வழி

இந்த வழிக்கு உலகம் முழுக்க உதாரணம் உண்டு. எல்லோரும் முதலில் சொல்வது தைவானின் சின்சூ அறிவியல் பூங்கா. 1980 டிசம்பரில் திறந்தது. இன்று உலகத்தின் சிப் தொழிலைப் பற்றிப் பேசினால் சின்சூவைத் தாண்டிப் போக முடியாது. அந்தக் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் 1980-லிருந்து தொடங்குகிறார்கள். அதற்கு முன்னாலேயே அங்கே நிறைய நடந்திருந்தது. சிங் ஹுவா, சியாவ் துங் என்ற இரண்டு பல்கலைக்கழகங்கள் 1950-களிலேயே சின்சூவுக்கு வந்துவிட்டன. தொழில்நுட்ப ஆய்வுக்கழகமான இட்ரியை அரசு 1973-ல் அதே ஊரில் தொடங்கியது. 1976-ல் அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டு, இளம் பொறியாளர்களை அனுப்பிச் சிப் செய்யும் வித்தையைக் கற்று வரச் செய்தது. யு.எம்.சி. என்ற சிப் கம்பெனி 1980-ல் இட்ரியின் வயிற்றிலிருந்து பிறந்தது. இன்னொரு சிப் கம்பெனியான டி.எஸ்.எம்.சி.யும் அதே வயிற்றிலிருந்துதான், 1987-ல். ஏழெட்டு வருடம் ஆட்களை வளர்த்த பிறகு அவர்கள் உட்கார இடம் தேவைப்பட்டது. பூங்கா அப்போது வந்தது.

அமெரிக்காவின் வட கரோலினாவில் ரிசர்ச் டிரையாங்கிள் பார்க் 1959-ல் தொடங்கியது. சுமார் 7,000 ஏக்கர். டியூக், சாப்பல் ஹில், வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகம் என்று மூன்று பல்கலைக்கழகங்களுக்கு நடுவே. அவ்வளவு பலம் இருந்தும் முதல் ஆறு வருடம் மந்தமாகவே போனது. 1965-ல்தான் ஐ.பி.எம். வருவதாக அறிவித்தது. அதே வருடம் மத்திய அரசின் சுற்றுச்சூழல் நல ஆய்வு நிறுவனமும் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தது. இன்னொரு விஷயத்தையும் கவனிக்க வேண்டும். லாபத்துக்காக நிலம் வாங்கியவரிடமிருந்து அதை மீட்டு, லாப நோக்கமற்ற அறக்கட்டளை ஒன்றிடம் ஒப்படைத்த பிறகுதான் அந்தப் பூங்காவுக்குப் பொறுமையாகக் காத்திருக்கும் தெம்பு வந்தது. நம் ஊரில் ஆறு வருடம் என்றால் இடையில் ஒரு தேர்தல் நிச்சயம் வந்துவிடும்.

ஜப்பானின் சுகுபா இன்னும் நீளமான கதை. டோக்கியோவிலிருந்து அறுபது கி.மீ. தள்ளி ஓர் அறிவியல் நகரம் கட்ட 1963-ல் அமைச்சரவை முடிவெடுத்தது. நாற்பதுக்கும் மேற்பட்ட அரசு நிறுவனங்களைப் பெயர்த்துக் கொண்டுபோய் வைத்தார்கள். ஆய்வு நன்றாகவே நடந்தது. குடும்பத்தோடு வந்தவர்கள் தனிமையில் தவித்ததையும், தனியார் கம்பெனிகளோடு உறவு வளர வெகுகாலம் பிடித்ததையும் பலர் எழுதியிருக்கிறார்கள். டோக்கியோவோடு நேரடியாக இணைக்கும் சுகுபா எக்ஸ்பிரஸ் ரயில் ஓடத் தொடங்கியது 2005-ல். முடிவெடுத்து நாற்பத்திரண்டு வருடம் கழித்து.

அவ்வளவு தூரம் போகாமல் நம் காரைக்குடிக்கே வரலாம். வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் அங்கே வந்தது. 1948-ல் அடிக்கல், 1953-ல் திறப்பு. அரிப்பைத் தடுப்பது, பேட்டரி, மின்முலாம் என்று நாட்டுக்கே பயன்படும் ஆய்வு நடந்த இடம் அது. ஆனால் அந்த ஆய்வகத்தைச் சுற்றிப் பேட்டரித் தொழிலோ மின்முலாம் தொழிலோ வரிசைகட்டி வளரவில்லை. அதே 1948-ல் அடையாறில் தொடங்கிய மத்திய தோல் ஆய்வகத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைத் தோல் பட்டறைக்காரர்கள் அதற்கு முன்பே இருந்தார்கள். அவர்களுடைய பிரச்சினை ஆய்வகத்துக்கு வந்தது, ஆய்வகத்தின் விடை பட்டறைக்குப் போனது. இரண்டு ஆய்வகங்களிலும் அறிவுக்குக் குறைவில்லை. கேள்வி கேட்க வருகிறவர் பக்கத்தில் இருந்தாரா என்பதில்தான் வித்தியாசம்.

சரி, கோவையில் இந்த வழி எப்படி இருக்கும்? முதல் சிக்கல் நிலம். அன்னூர், மேட்டுப்பாளையம் தாலுக்காக்களில் தொழிற்பூங்காவுக்காக சுமார் 3,800 ஏக்கர் எடுக்கும் திட்டம் 2021-ல் வந்தபோது என்ன நடந்தது என்று இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். விவசாயிகள் தெருவுக்கு வந்தார்கள். அடுத்த ஆண்டே, சம்மதமில்லாமல் விளைநிலத்தைத் தொடுவதில்லை என்று அரசு சொல்ல வேண்டியதாயிற்று. அந்த விவசாயிகள் பக்கம் நியாயம் இருந்தது என்றே நான் நினைக்கிறேன். ஆராய்ச்சி என்ற நல்ல பெயரில் வந்தாலும் நிலம் நிலம்தான்.

இரண்டாவது சிக்கல் அரை நாள் கணக்கு. கணபதியிலிருந்தோ சிட்கோ தொழிற்பேட்டையிலிருந்தோ பம்பை டாடா ஏஸில் ஏற்றி அன்னூர் தாண்டிப் போய்க் காட்டிவிட்டு வருவதற்குள் அந்த நாள் முடிந்துவிடும். எட்டுப் பேர் வைத்து வேலை வாங்குகிற முதலாளி ஒரு முறை போவார், அடுத்த முறை போகமாட்டார்.

ஆனாலும் இந்த வழியை ஒரேயடியாகத் தள்ளவும் முடியாது. சூலூர், பல்லடம் இரண்டு இடங்களிலும் செமிகண்டக்டர் உற்பத்திக்காகத் தலா 100 ஏக்கர் பூங்கா என்று 2025 மாநில பட்ஜெட்டில் அறிவிப்பு வந்தது. அது போன்ற தொழிலுக்குத் தூசியும் அதிர்வும் இல்லாத இடமும் தடையில்லா மின்சாரமும் ஏராளமான தண்ணீரும் வேண்டும். பாதுகாப்புத் தளவாடங்களைச் சோதிக்கவும் திறந்த வெளி வேண்டும். இவற்றை நகரத்துக்குள் அடக்க முடியாது. அதற்கு நிலம் எடுக்கட்டும். உற்பத்திக்கு எடுக்கிற நிலத்தை ஆராய்ச்சி வளாகம் என்று பெயர் சூட்டிவிட்டு, கோவைக்கு ஆராய்ச்சி வந்துவிட்டது என்று கணக்கை முடித்துவிடக் கூடாது. எனக்கு அந்தக் கவலை நிஜமாகவே இருக்கிறது.

கல்லூரி வாசலில் ஒரு கட்டடம்

இதற்கு நம் கண்முன் இருக்கும் உதாரணம் சென்னை ஐ.ஐ.டி. ஆராய்ச்சிப் பூங்கா. பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா முன்னின்று செய்தது. மாநில அரசு கொடுத்த பதினொன்றரை ஏக்கரில், தரமணியில், 2010 முதல் இயங்குகிறது. 12 லட்சம் சதுர அடி. ஏத்தர் ஸ்கூட்டரும் அக்னிகுல் ராக்கெட்டும் வளர்ந்த இடம், புதுக் கம்பெனிகளை வளர்த்துவிடும் அந்த ஐ.ஐ.டி.யின் காப்பகம்.

கட்டடத்தைவிட அங்கே இருக்கும் ஒரு விதியை நான் பெரிதாக மதிக்கிறேன். வாடகை கட்டினால் மட்டும் போதாது. எடுத்திருக்கும் இடத்துக்கு ஏற்ப, ஐ.ஐ.டி.யோடு சேர்ந்து வேலை செய்ததற்கான புள்ளிகளைக் கம்பெனி சேர்த்துக்கொண்டே இருக்க வேண்டும். மாணவரைப் பகுதி நேர வேலைக்கு எடுத்தால் புள்ளி, பேராசிரியரோடு கூட்டாய்வு செய்தால் புள்ளி, சேர்ந்து காப்புரிமை வாங்கினால் புள்ளி. இந்த விதி இல்லாவிட்டால் அது கல்லூரி பக்கத்தில் இருக்கும் இன்னோர் அலுவலகக் கட்டடமாகத்தான் இருந்திருக்கும். ஐ.டி. கம்பெனிகளுக்கான டைடல் பூங்கா 2000-ல் சென்னைக்கு வந்தது, கோவை விளாங்குறிச்சிக்கு 2010-ல் வந்தது. ஆயிரக்கணக்கானவர்களுக்கு வேலை கிடைத்தது, நல்லதே. ஆனால் பக்கத்துக் கல்லூரி ஆய்வகத்தோடு சேர்ந்து வேலை செய்தே ஆக வேண்டும் என்று ஐ.டி. கம்பெனிக்கு யாரும் நிபந்தனை போடவில்லை. போடுவது அதன் நோக்கமும் இல்லை.

கோவையில் இந்த வழிக்கு ஓர் அடிப்படைக் கேள்வி இருக்கிறது: எந்தக் கல்லூரியின் வாசலில்? இங்கே ஐ.ஐ.டி. இல்லை. ஒற்றை ராஜா இல்லாத ஊர் இது. 1945-ல் ஜி.டி. நாயுடுவின் முயற்சியில் வந்த கல்லூரி இன்று அரசு தொழில்நுட்பக் கல்லூரி, தடாகம் சாலையில் இருக்கிறது. பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரி 1951, சி.ஐ.டி. என்ற பொறியியல் கல்லூரி 1956, இரண்டும் கிழக்கே பீளமேடு, விமான நிலையம் பக்கம். 1956-லேயே தொடங்கிய ஜவுளி ஆய்வுக் கழகம் சிட்ராவும் அதே அவிநாசி ரோட்டில். வேளாண் பல்கலைக்கழகமும் 1912-லிருந்து இயங்கும் கரும்பு இனப்பெருக்க நிறுவனமும் மேற்கே. வரைபடத்தை விரித்தால் ஊருக்கு இரண்டு மூளை இருப்பது தெரியும். கிழக்கே இரும்பும் நூலும், மேற்கே பயிர். ஒரு வாசலில் கட்டினால் மற்றவர்கள் அதைத் தங்களுடையதாக நினைக்கமாட்டார்கள்.

பேராசிரியர்களின் நேரம் இன்னொரு சிக்கல். ஐ.ஐ.டி.யில் ஆய்வு செய்வது வேலையின் பாதி. இங்கே பெரும்பாலான தனியார் கல்லூரிகளில் வாரம் முழுக்க வகுப்பு, விடைத்தாள், அங்கீகாரத்துக்கான கோப்புகள். எனக்குத் தெரிந்த ஒரு பேராசிரியர் திரவ இயக்கவியலில் கெட்டிக்காரர். பம்ப் பட்டறைக்கு வாருங்கள் என்றால் ஞாயிற்றுக்கிழமைதான் வர முடிகிறது. அன்றைக்குப் பட்டறை விடுமுறை. பக்கத்தில் பத்து மாடி கட்டினாலும் இந்த நேரப் பிரச்சினை தீராது. வாரத்தில் ஒரு நாள் தொழில் ஆய்வுக்கு என்று கல்லூரி எழுத்தில் ஒதுக்க வேண்டும், அந்த நாளுக்கான சம்பளத்தை வளாகம் ஈடுகட்ட வேண்டும். இது நடந்தால் இரண்டாவது வழிக்கு உயிர் வரும்.

இதற்குச் சாதகமான விஷயம் தூரம். பீளமேட்டில் ஒரு கட்டடம் இருந்தால் கணபதி, ஆவாரம்பாளையம், சிட்கோ எல்லாம் கைக்கெட்டும் தூரம். 2025 அக்டோபரில் திறந்த பத்து கி.மீ. ஜி.டி. நாயுடு மேம்பாலத்துக்குப் பிறகு அவிநாசி ரோட்டில் நேரமும் குறைந்திருக்கிறது. அண்ணனின் முதல் கேள்வியில் இந்த வழி தேறிவிடும். இரண்டாவது கேள்வியில், மேலே சொன்ன ஒரு நாள் ஏற்பாடு இல்லாமல், தேறாது.

இருப்பதைக் கோத்துத் திறந்துவிடும் வழி

இதைப் பற்றித்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இதுதான் கண்ணுக்குத் தெரியாத வழி. ரிப்பன் வெட்ட எதுவும் இருக்காது.

கோவை வளர்ந்த விதமே இப்படித்தான். 1932-ல் நீலகிரியின் பைக்காரா நீர்மின் நிலையத்திலிருந்து மின்சாரம் வந்தது, ஆலைகள் பெருகின. ஆலை இயந்திரம் பழுதானால் பார்க்கப் பட்டறைகள் வந்தன, கிணற்றுப் பாசனத்துக்கு மோட்டார் தேவைப்பட்டது, 1937-ல் இந்த ஊரிலேயே மோட்டார் செய்தார்கள். கரும்பு நிறுவனம் 1918-ல் வெளியிட்ட கோ 205, நாட்டு நாணல் இனத்தோடு கலந்து பிறந்த கரும்பு. வட இந்திய விவசாயிக்குக் குளிரையும் வறட்சியையும் தாங்கும் கரும்பு வேண்டியிருந்தது, அதற்காகவே வந்தது அது. இங்கே நிலைத்த ஆராய்ச்சிகளைப் பார்த்தால், ஒவ்வொன்றுக்கும் முன்னால் தேவையோடு ஒருவர் காத்திருந்திருக்கிறார்.

சிட்ராவை எடுத்துக்கொள்ளுங்கள். ஆலைகள் சேர்ந்து உருவாக்கிய கழகம், அரசும் கைகொடுத்தது. நூலின் தரம், ஆலையின் உற்பத்தித்திறன் என்று ஆலைக்காரர்களின் அன்றாடக் கேள்விகளுக்குப் பதில் தேடியே வளர்ந்தது. விசைத்தறிக்காரர்கள் கோவைக்கு வர முடியாது என்று சோமனூர், பல்லடம், குமாரபாளையம் போன்ற ஊர்களில் விசைத்தறிச் சேவை மையங்களை நடத்தியது. அரை நாள் கணக்கைப் புரிந்துகொண்ட நிறுவனம் அது. அப்புறம் மருத்துவ ஜவுளிக்கென்று தனிப் பிரிவு வைத்து, செயற்கை ரத்தம் துணிக்குள் ஊடுருவுகிறதா என்று பார்க்கும் சோதனை வசதியை அமைத்தது. யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. 2020-ல் கொரோனா வந்தது. மருத்துவர்களும் செவிலியர்களும் அணியும் முழுக் கவச உடையைச் சோதித்துச் சான்று தர நாட்டில் ஆய்வகம் எங்கே என்று தேடினால், தொடக்கத்தில் சிட்ராதான் இருந்தது. நாடு முழுவதிலிருந்தும் துணி மாதிரிகள் அவிநாசி ரோட்டுக்கு வந்து குவிந்தன. பல வருடம் சத்தமில்லாமல் தயாராக வைத்திருந்த ஒரு கருவியும், அதை இயக்கத் தெரிந்த ஆட்களும் அந்த வாரங்களில் செய்த வேலையை எந்தப் புதுக் கட்டடமும் செய்திருக்க முடியாது. இந்த ஊர்க்காரனாக எனக்கு அதில் பெருமை உண்டு.

திருப்பூரின் கதை இதற்கு மறுபக்கம். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. நொய்யல் ஆற்றில் உப்பும் சாயமும் கலந்தது வருடக்கணக்காகத் தெரிந்த பிரச்சினை. தீர்வு முழுமையாக இல்லாத நிலையில் தீர்ப்பு வந்தது. அப்புறம்தான் உப்புக் கரைசலைச் சுத்தம் செய்து மறுபடி சாயமிடவே பயன்படுத்தும் முறை பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் முயன்று பார்க்கப்பட்டு, பட்டறைகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. சொட்டு நீரும் வெளியே விடாத சாயத்தொழில் என்று இன்று திருப்பூர் சொல்லிக்கொள்வது அந்த வலியில் கற்றது. அந்த ஆய்வு ஐந்தாறு வருடம் முன்னால் நடந்திருந்தால் எத்தனை குடும்பங்கள் பிழைத்திருக்கும்! எந்தப் பட்டறைக்காரராலும் தனியாக அதைச் செய்திருக்க முடியாது. பொதுப் பணத்தில், பொதுக் கேள்விக்கு ஆய்வு செய்வதற்கு இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியவில்லை.

வெளிநாட்டு உதாரணம் வேண்டுமென்றால் ஜெர்மனியின் ஃபிரான்ஹோஃபர் கழகம். 1949-ல் தொடங்கி, இன்று எழுபதுக்கும் மேற்பட்ட நிறுவனங்களாக நாடு முழுக்கப் பரவியிருக்கிறது. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பணம் அரசின் நிரந்தர ஒதுக்கீடு. மீதியைத் தொழில் நிறுவனங்களின் ஒப்பந்த ஆய்விலும் போட்டியில் வெல்லும் பொதுத்திட்டங்களிலும் அவர்களே தேடிக்கொள்ள வேண்டும். நிரந்தரப் பணம் இருப்பதால் ஆள் ஓடிப்போவதில்லை. மீதியைத் தேட வேண்டியிருப்பதால் தொழிற்சாலை வாசலுக்குப் போகாமல் இருக்க முடியாது. இத்தாலியின் எமிலியா ரோமாஞ்ஞாவில் வட்டார அரசின் மேம்பாட்டு நிறுவனம் ஒவ்வொரு தொழிலுக்கும் ஒரு சேவை மையம் என்று வைத்தது. திருப்பூரைப் போன்ற பின்னலாடை ஊரான கார்ப்பியிலும் ஒன்று இருந்தது. நாலைந்து பேர் வேலை செய்யும் கடைகளுக்கு வடிவமைப்பு உதவியும் சந்தைத் தகவலும் கொடுத்தது.

இனி இந்த வழியின் குறைகள். இவற்றை நான் பட்டே அறிந்தவன்.

சிறு தொழில்கள் கருவிகளைப் பகிர்ந்து பயன்படுத்தும் ஒரு பொதுவசதி மையத்துக்கு வார்ப்படம் ஒன்றை அளக்க எடுத்துப் போயிருந்தேன். முப்பரிமாண அளவுக் கருவி, விலை லட்சக்கணக்கில். அறைக்குள் போனால் கருவியின் மேல் நீல பிளாஸ்டிக் ஷீட். ஏ.சி. ஓடவில்லை. மேசையில் இருந்த பதிவேட்டின் கடைசித் தேதி நாலு மாதம் பழையது. ஆபரேட்டர் அதிகச் சம்பளத்துக்கு வேறு கம்பெனிக்குப் போய்விட்டார், வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை என்றார் காவலாளி. கருவி வாங்க மானியம் கிடைத்தது, ஆளுக்கும் பராமரிப்புக்கும் கிடைக்கவில்லை. மானியத் திட்டங்களில் பெரும்பாலும் நடப்பது இதுதான். இரும்புக்கும் சிமெண்டுக்கும் பணம் வரும், மனிதருக்கு வராது.

இன்னொரு நாள். அந்தக் கணபதி அண்ணனின் ஓப்பன்வெல் பம்ப் ஒன்றைச் சோதனைக்குக் கொண்டுபோனோம். தொட்டிக்குள் இறக்கி, வால்வைப் படிப்படியாக மூடி, ஒவ்வொரு படியிலும் எத்தனை மீட்டர் ஏற்றம், நொடிக்கு எத்தனை லிட்டர், எத்தனை வாட் என்று குறித்தார்கள். நேர்மையான சோதனை. முடிவில் செயல்திறன் ஒன்றிரண்டு சதவீதம் குறைவு, தேறவில்லை என்று தாள் கொடுத்தார்கள். ஏன் குறைந்தது என்று கேட்டால், அதைச் சொல்வது எங்கள் வேலை இல்லை என்றார்கள். அவர்கள் சொன்னது விதிப்படி சரிதான். கழற்றிப் பார்த்த இம்பெல்லரை, அதாவது பம்புக்குள் சுழன்று நீரைத் தள்ளும் சக்கரத்தை, எங்கள் தெருவில் இருக்கும், பவுண்டரியில் முப்பது வருடம் வேலை செய்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவரிடம் காட்டினோம். அவர் கண்ணாடியைக் கூடப் போடவில்லை. விரலை நீர்ப்பாதைக்குள் விட்டு ஒரு சுற்றுத் தடவிவிட்டு, "கோர் நகந்திருக்குதுங்க சாமி. ஒரு பக்கம் தடிப்பு, ஒரு பக்கம் மெலிசு" என்றார். கோர் என்பது வார்ப்பின் உள்ளே வெற்றிடம் விடுவதற்காக வைக்கும் மணல் அச்சு. அது உட்காரும் இடத்தைப் பேட்டர்னில், அதாவது வார்ப்பு அச்சின் மாதிரியில், மாற்றினோம். அடுத்த வார்ப்பில் சரியாகிவிட்டது.

சோதனைத் தொட்டி ஊரில் இருந்தது, அந்த விரலும் இருந்தது. இரண்டையும் சேர்த்து வைக்கும் இடம் இல்லை. மூன்றாவது வழியில் நான் கேட்பது அந்த இடத்தைத்தான்: ஒரு முகப்பு அலுவலகம், அதில் தொழில் தெரிந்த பத்துப் பதினைந்து பேர், வருகிறவரின் பிரச்சினையைக் கேட்டுச் சரியான ஆய்வகத்துக்கும் சரியான ஆளுக்கும் அனுப்பி, விடை வரும்வரை பின்னால் நிற்கிறவர்கள்.

மூன்றாவது வழியின் பெரிய பலவீனம் நிர்வாகம். கல்லூரி, தொழில் சங்கம், மத்திய நிறுவனம், மாநில நிறுவனம் என்று ஆளுக்கொரு விதி, ஆளுக்கொரு கட்டணம். யார் யாருக்குப் பதில் சொல்வது என்று எழுதிவைக்காவிட்டால் இரண்டு வருடத்தில் இது வாட்ஸ்அப் குழுவாகச் சுருங்கிவிடும். இதற்குப் பொதுப் பணத்தின் பிடி வேண்டும். முகப்பு அலுவலகம் அனுப்பும் சிறு தொழிலின் வேலையை இத்தனை நாளுக்குள் முடித்தால்தான் அந்த ஆய்வகத்துக்கு அடுத்த தவணை என்று ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும்.

பணமும் காலமும்

முதல் வழியில் பணம் முன்னாலேயே போய்விடும், பலன் பத்து வருடம் கழித்து வந்தால் அதிர்ஷ்டம். நடுவில் நின்றுபோனால் வெறும் நிலமும் தெருவிளக்கும் மிஞ்சும். இரண்டாவதில் கட்டடம் எழும்ப மூன்று நாலு வருடம் ஆகும். சரியாக வராவிட்டால் அதை வாடகைக்கு விடலாம், நஷ்டம் கட்டுக்குள் இருக்கும். மூன்றாவதை ஆறே மாதத்தில் தொடங்கலாம். செலவு சிறியது, ஆனால் நிற்காது. வருடா வருடம் சம்பளமும் பராமரிப்பும் கேட்டுக்கொண்டே இருக்கும். மூலதனச் செலவை எளிதாகவும் நடப்புச் செலவை முகம் சுளித்தும் அனுமதிப்பது நம் நிதித்துறைப் பழக்கம். அதனால்தான் மலிவான, விரைவான வழி எப்போதும் பின்னுக்குப் போகிறது.

1965-ல் தொடங்கிய டிட்கோவும் 1971-ல் வந்த சிப்காட்டும் மாநில அரசின் தொழில் வளர்ச்சி நிறுவனங்கள், நிலமும் கட்டடமும் கூட்டு முதலீடும் நன்றாகச் செய்யத் தெரிந்த நிறுவனங்கள். தெரிந்த வேலையை நோக்கியே கை போவது இயல்பு. ஆனால் டிட்கோவே பிரெஞ்சு நிறுவனமான டஸ்ஸோவோடு சேர்ந்து டான்கேம், ஜெர்மன் நிறுவனமான சீமென்ஸோடு சேர்ந்து டான்சாம் என்று சென்னையில் பொதுப் பயன்பாட்டு வடிவமைப்பு, உற்பத்தி மையங்களை அமைத்திருக்கிறது. ஆளும் மென்பொருளும் சேவையுமாக ஒன்றை நடத்தும் அனுபவம் அதனிடம் உண்டு. 2022-ல் மாநில அரசு ஆராய்ச்சிக்கென்று தனிக் கொள்கையும் வெளியிட்டிருக்கிறது. எனவே மூன்றாவது வழி அவர்களால் முடியாதது என்று நான் நினைக்கவில்லை.

என் வரிசை இப்படி: முதல் வருடம் அவிநாசி ரோட்டில் வாடகைக் கட்டடத்தில் முகப்பு அலுவலகம், மேற்கே வேளாண் பல்கலைக்கழகம் பக்கம் அதற்கு ஒரு கிளை, திருப்பூரில் ஒரு கிளை. வாங்கும் முதல் கருவிக்கு முன்னால் ஆபரேட்டருக்கு ஐந்து வருடச் சம்பளம் ஒதுக்க வேண்டும். மூன்று வருடம் கழித்துப் பதிவேட்டைத் திறந்து, ஐம்பது பேருக்குக் குறைவான பட்டறைகளிலிருந்து எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேர் இரண்டாம் முறை வந்தார்கள் என்று எண்ண வேண்டும். இரண்டாம் முறை வந்தவர்கள் எந்தத் தொழிலில் அதிகமோ அந்தத் தொழிலுக்குப் பீளமேட்டில் சின்னதாக ஒரு கட்டடம் கட்டலாம், ஐ.ஐ.டி. பூங்காவின் புள்ளி விதியோடு. நிலம் தேவையா என்ற கேள்வி அதற்குப் பிறகு வரட்டும்.

இந்த வரிசையை மாற்றிக்கொள்ள நான் தயாராக இருக்கும் ஒரு சூழ்நிலை உண்டு. சென்னைத் தோல் ஆய்வகத்தைப் போல, பம்ப், மோட்டார், வார்ப்படத் தொழிலுக்கென்று ஒரு மத்திய ஆய்வகம் கோவைக்கு வருகிறது என்று பணியிடங்களோடும் வருடாந்திர ஒதுக்கீட்டோடும் எழுத்தில் உத்தரவு வந்தால், அதற்கு இடம் தேடுவதைத் தள்ளிப்போடக் கூடாது. அப்போதும் அன்னூர் தாண்ட வேண்டாம். மத்தியானச் சாப்பாட்டுக்குள் அந்த அண்ணன் திரும்பி வந்துவிட வேண்டும்.